இருபத்திரண்டாம் தேதிப் பக்கம்

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். தையல் பிரித்து நாலு நாள் ஆகிறது. குனிந்தால் லேசாக இழுக்கிறது, மற்றபடி ஆள் பழையபடிதான். நேற்றிலிருந்து ஆபீஸ் போகிறேன். லிஃப்ட் ஓடவில்லை, மூன்று மாடியும் ஏறித்தான் போனேன் என்று சொன்னால் திட்டுவாய். அதனால் சொல்லவில்லை.

நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பிஸ்கட்டில் இன்னும் இரண்டு பாக்கெட் மிச்சம். நீ மடித்து வைத்த போர்வையை நான் இன்னும் பிரிக்கவில்லை. ஓரத்தோடு ஓரம் ஒட்டிய போலீஸ் மடிப்பு. எனக்கு அப்படி வராது.

நேரில் சொல்ல வாய் வராத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண், "கூட யாரும்மா வந்திருக்காங்க? ஒப்புதல் படிவத்துல சொந்தக்காரங்க ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் "வந்துட்டு இருக்காங்க" என்றேன். யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. உன்னிடம் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேனே தவிர, வா என்று சொல்லவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து "நான்தாங்க" என்று ஒரு குரல். ஒன்பது மணி நேரப் பஸ் தூக்கம் முகத்தில் அப்படியே இருந்தது. சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தாய். நீ குனிந்து அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்ததைச் சக்கரப் படுக்கையில் இருந்து பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். எனக்கு நாற்பத்தாறு வயது. யாராவது எனக்காக எழுதிக் கொடுக்க வந்து நின்று எத்தனை வருடமாயிற்று என்று கணக்குப் போட முயன்றேன். அதற்குள் மயக்க ஊசி போட்டுவிட்டார்கள்.

குட்டி, "அத்தை என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்கிறாள் என்றாயே. அவளிடம் இப்படிச் சொல்: அப்பா மாதிரிப் போலீஸ்காரர்கள் தப்புச் செய்தார்கள் என்று யாராவது புகார் கொடுத்தால், முதலில் போலீசே அதை விசாரிக்கும். "தப்பு ஒன்றும் இல்லை" என்று அவர்கள் முடித்துவிட்டால், புகார் கொடுத்தவர் எங்கள் ஆபீசுக்கு எழுதலாம். அதாவது, கூடப் படிக்கிறவன் திருத்திய பரீட்சைத் தாளை அத்தை இன்னொரு தடவை திருத்துகிறாள். யார் தாள் என்று தெரியாமல் இருக்க, பெயர், ஊர், ஸ்டேஷன் எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்டித்தான் கொடுப்பார்கள். அத்தை யாரையும் பார்க்க மாட்டாள், பேச மாட்டாள். காகிதத்தை மட்டும் படிப்பாள்.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று உன் மனைவி சிரிக்கிறாளாம். நீ போனை எடுத்தவுடன் "சொல்லுங்க" என்கிறாயே, அதைக் கேட்டால் ஏதோ திருடிவிட்டு வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. கடிதத்தில் நீ என் தம்பியாக இருக்கிறாய்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று மாடி ஏறியதை நீ சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை.

உன் ஆபீசுக்கு எங்கள் ஸ்டேஷனில் ஒரு பெயர் இருக்கிறது, தெரியுமா? நாங்கள் பிடிக்கிற ஆட்களை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிறோம். எங்களைப் பற்றிய காகிதம் எல்லாம் உங்களிடம் வருகிறதே, அதனால் அது 'நாத்தனார் வீடு'. போன வாரம் ஏட்டய்யா என் முகத்தைப் பார்த்தே, "அங்க ஒரு நாத்தனார் இருக்குதாம்ல, ரொம்பக் கறாராம்" என்றார். "என் பொண்டாட்டியக் கேளுங்க, நாத்தனார்னா யாருன்னு அவ சொல்லுவா" என்றேன். அவளிடம் இதைச் சொன்னதற்கு இரண்டு நாள் எனக்குக் காப்பி ஆறித்தான் வந்தது.

நான் இல்லாத நாலு நாளில் ஸ்டேஷன் தலைகீழ். ரைட்டர் வேலை என்றால் சும்மா உட்கார்ந்து எழுதுவதுதானே என்று எல்லாருக்கும் நினைப்பு. எனக்குப் பதிலாக உட்கார்ந்தவர், அன்றன்று நடப்பதை எழுதுகிற ஸ்டேஷன் டைரியைக் கோழி கிளறிய மாதிரி எழுதி வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஐயா ஒரு பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்து, "இது சரியில்லப்பா, நான் சொல்லச் சொல்ல நீ நல்லாத் திருப்பி எழுதிடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். "உன் கையெழுத்துக்கே உனக்குப் பதவி உயர்வு தரணும்யா" என்றார். ஜூலையில் பட்டியல் வரும். இந்தத் தடவை என் பெயர் இருக்கும் போலிருக்கிறது. அப்படி ஆனால் குட்டியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியில் சேர்க்கலாம்.

குட்டி சொல்லச் சொன்னது: "அத்தை, கறுப்பு டேப்பை வெளிச்சத்துல பிடிச்சா உள்ள இருக்கறது தெரியும். நான் செஞ்சு பாத்தேன்." போலீஸ்காரன் மகள்.

பார்த்து ஏறு, பார்த்து இறங்கு.

உன் தம்பி


செப்டம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன். முதலில் மழையைப் பற்றி எழுதினேன். அப்புறம் பட்டியலில் உன் பெயர் வந்ததற்கு மறுபடியும் சந்தோஷம் என்று எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நேராகக் கேட்கிறேன். பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி டைரிப் பக்கத்தை நீ எழுதினாயா?

என் மேசைக்கு ஒரு கோப்பு வந்திருக்கிறது. உன் ஸ்டேஷன் கோப்புகள் எனக்கு வரக் கூடாது. வேலையில் சேரும்போதே 'தம்பி போலீசில்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எங்கள் பதிவு அறையில் புகார்தாரரின் விலாசத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். சந்தேகம் வந்து பதிவேட்டைப் பார்த்தேன்: இவர் கடை இருக்கும் தெருவில் ஒரு பக்கம் உங்கள் எல்லை, மறுபக்கம் அடுத்த ஸ்டேஷன். கடை மறுபக்கம். அவரை வரச் சொன்னவர்கள் நீங்கள். இத்தனை வருடமாக இப்படிப் பிரித்தும் யாருக்கும் இது தோன்றவில்லை.

அவர் சாவி செய்பவர். ஐம்பத்தெட்டு வயது. அந்தத் தெருவில் ஒரு வீடு பூட்டு உடையாமல் திறக்கப்பட்டு, உள்ளே திருட்டு. பூட்டு உடையவில்லை என்றால் சாவிக்காரர்தானே என்று அவரை அழைத்திருக்கிறார்கள். அவர் தன் சைக்கிளிலேயே போயிருக்கிறார். பிற்பகல் மூன்று மணிக்கு, மேசை டிராயரில் வலது கை விரல்களை வைக்கச் சொல்லி ஓர் அதிகாரி டிராயரைக் காலால் மூடினார் என்பது புகார். இரண்டு விரல் மடங்குவதில்லை. அரம் பிடிக்க முடியவில்லை. உண்மைத் திருடன் அடுத்த வாரமே பிடிபட்டுவிட்டான்.

டைரியில் வேறு மாதிரி இருக்கிறது: 'அழைத்து வரும் வழியில் வேன் கதவில் தானே விரலைச் சிக்க வைத்துக்கொண்டார்.' அன்றைக்குப் பணியில் இருந்தவர் அன்றே எழுதியது என்று போலீஸ் விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்தப் பக்கம் ஒன்றை வைத்துத்தான் புகாரைத் தள்ளியிருக்கிறார்கள்.

பெயர், ஸ்டேஷன், கையொப்பம் எல்லாவற்றின் மேலும் டேப் இருந்தது. கையெழுத்தை மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

இதை உனக்கு எழுதுவதே தப்பு. தெரிந்துதான் எழுதுகிறேன். நீ எழுதவில்லை என்று சொல்லிவிடு. எனக்குக் கண் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 29

அக்கா,

உன் கடிதத்தை ஸ்டேஷன் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். படித்து முடித்து எரித்துவிட்டேன். நீயும் இதை எரித்துவிடு.

உன் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். நான் அவரைத் தொடவில்லை. நான் அங்கே இல்லவே இல்லை, அது உன்னைவிட யாருக்குத் தெரியும்? திரும்பி வந்த அன்றைக்குப் புதுப் பக்கம் எழுதச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல எழுதினேன். வேன் கதவு என்று வந்த இடத்தில் பேனாவை நிறுத்தினேன். ஐயா, "என்னய்யா, மை தீந்து போச்சா?" என்றார். "இல்லைங்கய்யா" என்று எழுதிவிட்டேன். எழுதினேன், அவ்வளவுதான். பதவி உயர்வுக்கு என் பெயரை மேலே அனுப்புகிறவர் அவர். உனக்கு நான் இந்த வேலையின் மேடு பள்ளம் எல்லாம் விளக்க வேண்டியதில்லை.

அக்கா, உனக்குச் சட்டப்படியே ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஆபீசில் விலகல் படிவம் என்று ஒன்று உண்டுதானே? 'இது என் தம்பியின் ஸ்டேஷன், கோப்பை மாற்றித் தரவும்' என்று அதில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு. அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. கோப்பு வேறொருவரிடம் போகும். அவருக்கு என் கையெழுத்து தெரியாது. அவர் என்ன முடிவு எடுத்தாலும் அது அவர் முடிவு. கையெழுத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

குட்டிக்குப் புதுப் பள்ளிச் சீருடை தைத்து வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறாள். அவள் அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

நீ வா என்று கூப்பிடாமலேயே நான் வந்தேன். இதைச் சொல்லிக் காட்டுவதாக நினைக்காதே. சொல்லிக் காட்டத்தான் செய்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தம்பி


அக்டோபர் 4

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்ன ஒரு வரியை எழுதிப் பார்த்தேன். நல்ல வரி. பொய் இல்லை, சட்டப்படி சரி. படிவத்தில் அதற்கு மேல் எழுத இடமும் அதிகம் விடவில்லை.

அதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். கோப்பு பக்கத்து மேசைக் கமா அண்ணனிடம் போகும். ஒரு கமா தப்பாக இருந்தாலும் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவர், அதனால்தான் அந்தப் பெயர். நேர்மையான மனிதர். ஆனால் அவர் முன்னால் இருக்கப்போவது ஒரு பக்கம் டைரியும் ஒரு கிழவரின் பேச்சும்தான். டைரி அன்றே எழுதியது என்று அறிக்கை சொல்கிறது. இல்லை என்று சொல்ல யாரும் இல்லை. 'மறு ஆய்வில் மாற்றமில்லை' என்று எழுதி, கமாவைச் சரிபார்த்து, கையெழுத்துப் போடுவார். நானே அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் எழுதுவேன். இப்படி எத்தனை எழுதியிருக்கிறேனோ என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். 

அந்தப் பக்கம் அன்றைக்கு எழுதியது இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர் உன் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரே ஒரு ஆள். அன்றைக்கு நீ எங்கே உட்கார்ந்து என்ன எழுதிக்கொண்டிருந்தாய் என்று பார்த்தவள். அந்த ஒப்புதல் படிவத்தின் நகல் என் அலமாரியில் இருக்கிறது. மேலே பிப்ரவரி 22, பிற்பகல் 2.40 என்று நீயே எழுதியிருக்கிறாய். டைரி நகலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் எழுத்துகள் எல்லாம் இடது பக்கம் சாயும். சின்ன வயதில் நான் உன் இடது பக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைத்தேன். அதனால் எழுத்தெல்லாம் என் மேல் சாய்ந்துகொண்டே வந்தது. வாத்தியார் எவ்வளவு திட்டியும் நிமிரவில்லை. அந்தக் கோப்பைத் திறந்தவுடன் படிக்கவே வேண்டியிருக்கவில்லை, தம்பி. உன்னைப் பார்த்துவிட்டேன்.

நீ எனக்குச் செய்ததிலேயே பெரிய காரியத்தை எடுத்து உனக்கு எதிராக வைக்க வேண்டும் என்றால், எந்த அக்காவுக்கு மனசு வரும்? எனக்கும் வரவில்லை. அதனால்தான் பதினான்கு நாள் கோப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது நான் செய்கிற தப்பு. இதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

சாவிக்காரரின் மனுவில் கடைசி வரி இது: 'நான் வேனில் ஏறவில்லை என்று யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும்.' இழப்பீடு கேட்கவில்லை, அந்த அதிகாரியைத் தண்டிக்கச் சொல்லவில்லை. இடது கையால் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது.

'எழுதினேன், அவ்வளவுதான்' என்கிறாய். அவர் கேட்பதும் அவ்வளவுதான்.

நீயே போ. எங்கள் ஆபீசுக்கு நேராக எழுதிக் கொடு. சொன்னதை எழுதினேன் என்று சொன்னால், சொன்னவர் மேல்தான் முதலில் பாயும். நீயாக வந்ததற்கு மதிப்பு உண்டு, அதை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி வரை காத்திருக்கிறேன். பதின்மூன்றாம் தேதி என் படிவத்தை முழுதாக எழுதிக் கொடுத்துவிடுவேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அக்கா உன்னிடம் மறைத்துச் செய்தாள் என்று இருக்கக் கூடாது, அதற்காகத்தான்.

குட்டியின் புதுச் சீருடை என்ன நிறம்?

அக்கா


அக்டோபர் 11

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்களின் 4ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் குறிப்பிடப்பட்டுள்ள நாட்குறிப்புப் பக்கம் தொடர்பாக எனக்கு எதுவும் தெரியாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களுக்கு இதற்கு முன்னர் நான் எழுதியதாகக் கூறப்படும் எதற்கும் நான் பொறுப்பல்ல.

தாங்கள் பணி நிமித்தம் அறிந்த விவரங்களைத் தனிப்பட்ட முறையில் பகிர்ந்துகொள்வது விதிமீறல் ஆகும். இனித் தாங்கள் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிலைய எழுத்தர்


அக்டோபர் 13

தம்பி,

உன் கடிதம் வந்தது. டைப் அடித்து வந்தது. உறையின் மேல் விலாசம்கூட டைப் அடித்து ஒட்டியிருந்தது. கீழே கையொப்பம் இல்லை. யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நீ அடித்திருக்கிறாய் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது, நீ தனியாகவே உட்கார்ந்து அடித்திருக்கலாம் என்று தோன்றியது. அதற்கு மேல் படிக்கவில்லை.

எனக்கு நீ இதுவரை 'தாங்கள்' போட்டதில்லை. சண்டையில்கூட 'போடி' என்றுதான் சொல்லியிருக்கிறாய்.

கோபம் இல்லை. விதிமீறல் என்று நீ எழுதியது சரி. அதை நான் படிவத்தில் அப்படியே ஒப்புக்கொண்டிருக்கிறேன். இன்று காலை பத்தரைக்கு எங்கள் தலைவரிடம் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்:

இந்தக் கோப்பில் உள்ள பிப்ரவரி 22 டைரிப் பக்கத்தின் கையெழுத்து என் தம்பியுடையது. அந்த நாளில் அந்த நேரத்தில் அவர் ஒன்பது மணி நேரப் பயணத் தூரத்தில் என் ஆபரேஷனுக்கு ஒப்புதல் எழுதிக்கொண்டிருந்தார், நகல் இணைப்பு. எனவே அந்தப் பக்கம் அன்று எழுதப்பட்டதாக இருக்க முடியாது. இதை அறிந்த பின்னும் நான் கோப்பைத் திருப்பித் தராமல் இருபத்து மூன்று நாள் வைத்திருந்தேன், அவருக்கு இது பற்றிக் கடிதமும் எழுதினேன்.

தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உக்காரும்மா" என்றார். நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். "வேற காகிதம் ஏதாவது இருக்கா? அவர் இதப் பத்தி உங்களுக்கு எழுதினது?" என்று கேட்டார்.

இருக்கிறது. மார்ச் மாதக் கடிதம். இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்ததை நீயே சிரித்துக்கொண்டு எழுதிய கடிதம். செப்டம்பர் கடிதமும் இருக்கிறது. எரிக்கச் சொன்னாய். நான் எரிக்கவில்லை.

"இருக்குங்க" என்றேன். எழுத்து மூலம் கேட்பார்கள். கேட்டால் ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

மார்ச் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதில் நாத்தனார் வீடு இருக்கிறது. ஆறிப்போன காப்பி இருக்கிறது. குட்டி கறுப்பு டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது இருக்கிறது. இதையெல்லாம் கமா அண்ணன் படிக்க வேண்டும். தேவையில்லாத இடங்களின் மேல் டேப் ஒட்டிக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். அப்படி ஒட்டினால் இன்ஸ்பெக்டர் சொன்ன மூன்று வரிதான் மிஞ்சும்.

அக்கா


டிசம்பர் 16

அன்புத் தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். இரண்டு மாதம் எழுதவில்லை. இதற்குப் பிறகும் எழுத மாட்டேன். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

நான் இப்போது கீழ்த் தளத்தில், பழைய கோப்பு அறையில் இருக்கிறேன். விதியை மீறியதற்கு எழுத்துப்பூர்வமான கண்டிப்பு, மறு ஆய்வு வேலையிலிருந்து ஓராண்டுக்கு விலக்கு. நியாயமான தண்டனைதான். அறையில் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன. பத்து வருடத்துக்கு முந்தைய கோப்புகளை அட்டை மாற்றிக் கட்டி வைக்கிறேன். 'மறு ஆய்வில் மாற்றமில்லை' என்று நான் எழுதிய சில என் கைக்கே வருகின்றன. திறந்து படிக்கிறேன். படிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிட மாடிக்குப் போகலாம், போவதில்லை. நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. என்னை வெறுக்கிறார்கள் என்று இல்லை. சொந்தத் தம்பியையே எழுதிக் கொடுத்தவளிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

உன் கடிதங்களைக் கேட்டுத் தலைவரிடமிருந்து அக்டோபர் முப்பதாம் தேதி ஓலை வந்தது. ஒரு வாரம் இருந்தது. ஐந்தாம் நாள் வரை கைப்பையில் வைத்துக்கொண்டே போய் வந்தேன். ஐந்தாம் நாள் கமா அண்ணன் படியிறங்கி வந்தார். கதவருகில் நின்றுகொண்டு, "அந்தக் கடிதங்கள் இனித் தேவப்படாதும்மா" என்றார். ஏன் என்று கேட்டேன். "வாக்குமூலம் வந்துடுச்சு. ஆளே நேர்ல வந்து கொடுத்துட்டுப் போனாரு" என்றார். படியில் கால் வைத்தவர் திரும்பி, "கையாலேயே எழுதினது" என்றார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக விதியை மீறி ஒரு வாக்கியம் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நேரில் வந்தாய். நான் வேலை செய்கிற கட்டடத்துக்கு. நான் கீழே அட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, மூன்று மாடி ஏறிப் போய், கொடுத்து, இறங்கிப் போயிருக்கிறாய். ஜன்னலில் தெரிந்த கால்களில் உன் கால்களும் இருந்திருக்கும். நான் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

அவர்கள் என்னிடம் கடிதங்களைக் கேட்டிருந்தது உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் முந்திக்கொண்டாயா? இதை யாரிடமும் நான் கேட்க முடியாது.

முடிவு வந்துவிட்டது. எல்லாருக்கும் வெளியிடும் பகுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது, அதை நானும் படிக்கலாம். போலீஸ் விசாரணை அறிக்கை ரத்து. டைரிப் பக்கம் பின்னர் தயாரிக்கப்பட்டது என்று பதிவாகியிருக்கிறது. வெளியாட்களைக் கொண்டு மறு விசாரணை. பெயருக்குப் பதில் எண் போட்டிருக்கிறார்கள்: அதிகாரி 1 தற்காலிகப் பணி நீக்கம், அதிகாரி 3 தற்காலிகப் பணி நீக்கம். ஒன்று உங்கள் இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டும், மூன்று நீதான். பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் அதில் இருக்கிறது. உன் மனைவி என் போனை எடுப்பதில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். குட்டி அந்தப் பள்ளிக்குப் போகிறாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு இப்போது வழி இல்லை.

அனுப்பும் பிரிவில், சாவிக்காரருக்கான கடிதத்தை நானே உறையில் போட்டேன். ஆள் குறைவு என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம்தான். 'தாங்கள் வேனில் ஏறவில்லை என்பதை இந்த அலுவலகம் ஏற்கிறது' என்ற வரி நடுவில் இருந்தது. கமா அண்ணன்தான் எழுதியிருப்பார், அந்த மாதிரி வரி எங்கள் மாதிரிப் படிவத்தில் கிடையாது. அந்த வரியை அவருக்கு எழுத முடிந்தது உன்னால். இதை உன்னிடம் வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

உன் வாக்குமூலம் மூன்றாம் மாடியில், இரும்பு அலமாரியில் இருக்கிறது. நான் அந்தக் கோப்பிலிருந்து விலகியவள். சாகும் வரை அதைத் தொடக் கூடாது. எனக்கு இன்ஸ்பெக்டர் சொன்னது வேண்டாம், வேன் கதவு வேண்டாம். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் யாராக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள்: பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அதற்கு நீ பதில் எழுதியிருப்பாய். 'சொந்த வேலையாக வெளியூர் சென்றிருந்தேன்' என்று எழுதினாலே போதும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அப்படித்தான் எழுதினாயா, தம்பி? இல்லை, யாரைப் பார்க்கப் போனாய் என்று எழுதினாயா?

நேற்று கமா அண்ணன் ஒரு கோப்பைத் தேடிக் கீழே வந்தார். அவர் உன் வாக்குமூலத்தைப் படித்திருக்கிறார். என் மேசை முன்னாலேயே இரண்டு நிமிஷம் நின்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கோப்பை எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா